பேசிக்கொண்டே பாடியவர்

நண்பர்களே, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் என்றால் நகைச்சுவையைச் சொல்வோம், அவர் வாரிக் கொடுத்ததைச் சொல்வோம். நான் இன்றைக்கு அவருடைய பாட்டைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற ஏழைப் பையன், அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் நடிகரானார். மைக் இல்லாத காலம் அது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சொல் காதில் விழாவிட்டால் சிரிப்பு எங்கிருந்து வரும்? அவர் பாடும்போது ஓர் எழுத்துகூட மழுங்குவதில்லை. அது அந்தக் கொட்டகை கொடுத்த பயிற்சி என்றே நான் நம்புகிறேன்.

அவர் ஊர்ப்பக்கத்துக் கலை வில்லுப்பாட்டு. புலவர் ஒரு வரி சொல்வார், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். பேச்சு எப்போது பாட்டானது, பாட்டு எப்போது பேச்சானது என்று பிடிக்கவே முடியாது. வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் எழுதிய காந்தி கதையைக் கலைவாணரே வில்லில் பாடியிருக்கிறார். சினிமாவில் அந்த 'ஆமா' போடும் இடம் அவரோடு ஜோடியாக நடித்த அவர் மனைவி டி.ஏ. மதுரம் அம்மையாருக்கு. அவர் ஒரு கேள்வி போட்டால் போதும், இவருக்கு அடுத்த அடி வந்துவிடும்.

1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' கதையைக் காலட்சேபமாக, பாட்டும் பேச்சுமாக, சொல்கிறாரே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். சிவபக்தர் நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். பாகவதர்கள் பக்திக்கு வைத்திருந்த அதே நடையில் ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்பைப் பாடுகிறார். ரயில் வரும் இடத்தைக் கவனியுங்கள். 'கரகர'வென்று சொற்கள் சக்கரம் மாதிரி உருளும். ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே, படிப்பு எல்லாருக்கும் வேண்டும் என்று உள்ளே இறக்கிவிடுகிறார். இதைப் பாட பெரிய சாரீரம் போதாது. ஜனங்கள் மேல் பாசம் வேண்டும்.

1955-இல் 'முதல் தேதி'. ஒன்றாம் தேதியிலிருந்து இருபது வரை கொண்டாட்டம், அப்புறம் மாதக் கடைசி வரை திண்டாட்டம் என்று பாடினார். மாதச் சம்பளக்காரர் வீட்டு நிலைமையை இதைவிடச் சுருக்கமாக யார் சொன்னார்கள்?

அடுத்த ஆண்டு 'ராஜா ராணி'யில் சிரிப்பைப் பற்றிய பாட்டு. விதவிதமாகச் சிரித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு சிரிப்பும் ஓர் ஆள். முகம் தெரியாமலே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். 1957 ஆகஸ்ட் 30 அன்று, நாற்பத்தெட்டு வயதில் போய்விட்டார். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அந்தப் பாட்டைப் போடுங்கள், படத்தைப் பார்க்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, சிரிப்பு அடங்கி அடுத்த வரியை எடுக்கிறாரே, அந்த இடத்தைக் கேளுங்கள்.