இடம் கொடுத்தவருக்குத்தான் பெரிய தண்டனை

(மேலூர் வட்டார வணிகர்கள், கட்டட உரிமையாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கடை வைத்திருக்கும் தம்பிமார்களே!

சூதாட்ட வழக்கு என்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். சட்டம் அவர்களைவிட அழுத்தமாகத் தேடுவது இடம் கொடுத்தவரை, கமிஷன் எடுத்தவரை, ஆட்டத்துக்குப் பணம் போட்டவரை. தோப்பும் மாடியறையும் பெட்டிக்கடையும் வைத்திருக்கிற நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-இல் வந்தது. சூதாட்ட வீடு நடத்தினாலும், நடத்த விட்டாலும், ஆடப் பணம் கொடுத்தாலும் அதன் 8-ஆவது பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே ஆடுகிறவருக்கு 9-ஆவது பிரிவில் ஒரு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். தெருவிலோ பொது இடத்திலோ காசு வைத்து ஆடினால் 12-ஆவது பிரிவு. சேவல் சண்டை விடுவதும் இதில்தான் வரும். 2021-இல் இந்தத் தண்டனைகளைக் கூட்டினார்கள். அந்தத் திருத்தத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே பழைய தொகைதான். 500 ரூபாய் இன்றைக்கு ஒரு தண்டனையா என்று கேட்பீர்கள். தொகை சிறிதுதான், ஆனால் குற்ற வழக்கு பெயரில் ஏறிவிட்டால் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் அது குறுக்கே நிற்கும்.

எது சூதாட்ட வீடு? சீட்டாட்டத்தைப் பொறுத்தவரை, இடத்துக்கு உடையவர் அதிலிருந்து ஆதாயம் பார்த்தால் அது சூதாட்ட வீடு. தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடி வீட்டுக்குள் ஆடுவது வேறு. 'ஆட்டத்துக்கு இவ்வளவு' என்று பிடித்துக்கொள்வது வேறு. மனமகிழ் மன்றங்கள் சறுக்குவது இங்கேதான். ரம்மி பெருமளவு திறமை சார்ந்த ஆட்டம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பந்தயப் பணத்திலிருந்து மன்றம் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பு சொல்வதை விட்டுவிடுகிறார்கள். மூன்று சீட்டும் மங்காத்தாவும் அதிர்ஷ்ட ஆட்டங்கள். 'திறமை ஆட்டம்' என்ற பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது.

போலீஸ் பக்கமும் தவறு நடக்கும். 5-ஆவது பிரிவின்படி முறையான வாரண்டோடு சோதனை நடந்தால்தான், சிக்கிய சீட்டுக்கட்டை வைத்து அது சூதாட்ட வீடு என்று நீதிமன்றம் அனுமானிக்க முடியும். வாரண்டில் ஓட்டை இருந்தால் அந்த அனுமானம் விழுந்துவிடும்.

டீக்கடைக்காரர்கள் இதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கும் 'மூணு நம்பர்' விற்பனைக்கு லாட்டரிச் சீட்டே கிடையாது. 1998 லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சட்டவிரோத லாட்டரிக்கு முகவராக இருந்தால் 2 ஆண்டு வரை கடுங்காவல். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம்; விடுவதா என்பது நீதிமன்றத்தின் கையில். கல்லாப் பக்கம் நின்று பணம் வாங்கி வைத்தவரும் முகவர் கணக்கில் சேர்க்கப்படலாம். கூட்டமாகச் சேர்ந்து நடத்தினால், 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆவது பிரிவும் பாயலாம். அதில் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு.

இணையத்தில் தொகையும் காலமும் இன்னும் பெரிது. இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆடுபவருக்கு 3 மாதம் அல்லது 5,000 ரூபாய். விளம்பரம் செய்பவருக்கு 1 ஆண்டு அல்லது 5 லட்சம். நடத்துபவருக்கு 3 ஆண்டு அல்லது 10 லட்சம். எல்லாம் உச்ச வரம்பு, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கிறது. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரத்துக்கு 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. பணப் பரிமாற்றத்துக்குத் துணை போகிறவருக்கு உண்டு.

கல்லூரிப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். 'உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாசம் இவ்வளவு தருகிறோம்' என்று ஒருவர் வருவார். ஏடிஎம் கார்டையும் சிம்மையும் சேர்த்துக் கேட்பார். கொடுத்தால், பந்தயப் பணம் ஓடுகிற கணக்கு உங்கள் பிள்ளை பெயரில் இருக்கும். முதலில் முடங்குவதும் அதுதான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து அந்தக் கார்டை முடக்குங்கள், ஒப்புகை வாங்குங்கள், சிம்மைத் தடை செய்யுங்கள். பணம் ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் கொடுங்கள். வழக்கு வந்து வக்கீலுக்கு வசதி இல்லாதவர்கள் 15100-ஐ அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம்.