ஊருக்குப் பெட்டி வந்த காலம்: குமரி மாவட்டத்துல தியேட்டர்கள் எப்படிக் காணாமப் போச்சு?

[காட்சி: நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட், விடிகாலை]

நாகர்கோவில்ல வயசானவங்ககிட்ட வழி கேட்டுப் பாருங்க. "அந்தத் தியேட்டர் இருந்த இடத்துக்கு எதிர்ல"ன்னு சொல்வாங்க. போய்ப் பார்த்தா கல்யாண மண்டபமோ ஜவுளிக்கடையோ நிக்கும்.

டிவி வந்துச்சு, செல்போன் வந்துச்சு, அதான் தியேட்டர் போச்சுன்னு எல்லாரும் சொல்றோம். அது பாதிதான். மீதிக் கதை ஒரு தகரப் பெட்டிக்குள்ள இருக்கு.

[காட்சி: ஃபிலிம் சுருள், பக்கத்துல தகரப் பெட்டி]

35 எம்.எம். ஃபிலிம்ல ஒரு நொடிக்கு 24 படம் ஓடணும். நிமிஷத்துக்கு 90 அடி. ரெண்டரை மணி நேரப் படம்னா 13,500 அடி! ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷத்துல தீர்ந்துடும். அதனால கேபின்ல ரெண்டு புரொஜெக்டர். ரீல் முடியப் போகும்போது திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி மின்னும். ஆபரேட்டர் அடுத்த மெஷின் மோட்டாரைப் போடுவார். ரெண்டாவது புள்ளி மின்னினதும் வெளிச்சத்தை அந்த மெஷினுக்கு மாத்துவார். கீழே உக்காந்திருக்கிற நமக்கு எதுவும் தெரியாது. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தர்ற கார்பன் குச்சிகள் எரிஞ்சு குறையக் குறைய அதையும் அவர்தான் நகர்த்திக்கிட்டே இருக்கணும். அந்தச் சூட்டுல நாளுக்கு நாலு ஷோ. அந்தக் கைகளை நினைச்சா எனக்கு இன்னைக்கும் மரியாதை வருது.

பிரிண்ட், அதாவது படத்தோட ஃபிலிம் நகல், போடச் செலவு அதிகம். சினிமா வியாபாரத்துல பழைய திருநெல்வேலி மாவட்டமும் கன்னியாகுமரியும் சேர்ந்து 'டி.கே. ஏரியா'. அத்தனை ஊருக்கும் கொஞ்சம் பிரிண்ட்தான். நாகர்கோவில்ல முதல்ல ஓடும். அங்கே கூட்டம் குறைஞ்சப்புறம்தான் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல், குலசேகரம்னு அந்த ஃபிலிம் பெட்டி நகரும். போய்ச் சேரும்போது ஃபிலிம்ல கோடு விழுந்திருக்கும், அறுந்த இடத்துல ஒட்டுப் போட்டிருக்கும். ஆனாலும் "பெட்டி வந்தாச்சா?"ன்னு ஊரே கேக்கும். சின்ன ஊர்த் தியேட்டர் பிழைச்சதே இந்தக் காத்திருப்புலதான்.

2010-க்கு அப்புறம் சில வருஷத்துல எல்லாம் டிஜிட்டல் ஆச்சு. பெட்டியே வேண்டாம். நாகர்கோவில்ல வர்ற அன்னைக்கே மார்த்தாண்டத்துலயும் படம் வரலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் முதல் மூணு நாள்லயே பார்த்துட்டா, திங்கட்கிழமை எழுநூறு சீட் ஹாலை யார் நிரப்புறது? ரெண்டாவது ரவுண்டுங்கிற பொழைப்பே போச்சு. தியேட்டர் நிக்கிறதோ ஊர் நடுவுல, பெரிய மனை. சென்ட் விலை ஏற ஏற, இடிக்கிறதுதான் லாபம்னு ஆயிடுச்சு.

[காட்சி: நாகர்கோவில், ஒழுகினசேரி தெரு]

இங்கேதான் 1908-ல என்.எஸ். கிருஷ்ணன் பிறந்தார். சின்ன வயசுல நாடகக் கொட்டகையில சோடா வித்தவர். கொட்டகைன்னா வெறும் கட்டடமில்லைங்கிறதுக்கு அவர் ஒருத்தர் போதும். இன்னொருத்தர் ஜே.சி. டேனியல். மலையாளத்தோட முதல் படத்தை எடுத்தவர், கடைசிக் காலத்தை இதே மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துல கழிச்சு 1975-ல இறந்தார். அந்தப் படத்தோட பிரிண்ட் ஒண்ணுகூட இன்னைக்கு இல்ல.

கட்டடங்களும் அப்படித்தான் போய்க்கிட்டிருக்கு. உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில பழைய டிக்கெட்டோ, சினிமா நோட்டீஸோ இருந்தா போட்டோ எடுத்து வைங்க. குடும்பத்துல ஆபரேட்டரா வேலை பார்த்தவங்க இருந்தா, எந்தத் தியேட்டர், எந்த மெஷின், எந்த வருஷம்னு கேட்டு, அவங்க குரலைப் பதிவு பண்ணுங்க. இந்த வாரமே.