மர டெக்குக்குப் படி கட்டுறீங்களா? உயரத்தை எங்க அளக்கணும்னு முதல்ல பாருங்க

சரி அடுத்த கேள்வி. சிங்கப்பூர் செம்பவாங் பக்கம் டெரஸ் வீட்டுல இருக்குற ஒரு தம்பி கேட்டிருக்காரு, "அண்ணே, வீட்டுக்குப் பின்னாடி டெக் போட்டாச்சு, உயரம் 740 மில்லிமீட்டர், அஞ்சு படிக்கு அஞ்சால வகுத்தா 148 வருது, அப்படியே ஸ்ட்ரிங்கர், அதான் படியத் தாங்குற சாய்வுப் பலகை, வெட்டிரலாமா"ன்னு. தம்பி, கொஞ்சம் பொறுங்க, ரம்பத்தைக் கீழ வைங்க.

வகுத்ததுல தப்பில்ல. ஆனா அந்த 740-ஐ எங்க அளந்தீங்க? டெக் ஓரத்துலேர்ந்து டேப்பை நேரா கீழ விட்டிருப்பீங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, நானும் முதல் தடவ அதான் பண்ணேன். படி அங்கயா போய் இறங்குது? ஒரு மீட்டருக்கு மேல தள்ளிப் போய்ல இறங்குது. நம்ம ஊர் மழைக்கு பின்னாடி தரையெல்லாம் லோங்காங், அதான் வடிகால், பக்கம் சாய்வாத்தான் போட்டிருப்பாங்க, அந்த இடத்துல தரை இன்னும் 40 மில்லி இறங்கியிருந்துச்சுன்னு வைங்க, மேல நாலு படி 148, கடைசிப் படி மட்டும் 188. காலு நாலு படியில பழகின உயரத்தையே அஞ்சாவதுலயும் தேடும், அங்கதான் தடுக்கும். அமெரிக்காக்காரன் விதியில எல்லாம் படிக்குப் படி 9.5 மில்லிக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது, உங்களுக்கு 40!

அதனால என்ன பண்றீங்க, நேரான நீளப் பலகை ஒண்ண டெக் மேல வச்சு வெளிய நீட்டுங்க, மேல ஸ்பிரிட் லெவல் வச்சு மட்டம் பாருங்க, படி முடியற இடத்துல பலகையோட அடிப்பக்கத்துலேர்ந்து தரைக்கு அளங்க. 780 வந்தா அதான் நெசமான உயரம். 780-ஐ அஞ்சால வகுத்தா 156. ஏறி எறங்க நல்லா இருக்கும்.

"படி எங்க முடியும்னே தெரியாதே, எப்படி அளக்குறது"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். பிரான்ஸ்ல ப்ளோண்டெல்னு ஒருத்தர் 300 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கணக்கு சொல்லிட்டுப் போயிருக்காரு, உயரத்த ரெண்டு தடவ எடுத்து அதோட மிதிக்கிற அகலத்தக் கூட்டினா சுமாரா 600லேர்ந்து 640க்குள்ள வரணும். 156, 156, அகலம் 300, மொத்தம் 612. ஓகே. அஞ்சு ஏத்தம்னா மிதிக்கிற பலகை நாலுதான், அஞ்சாவது டெக்கே. அப்ப நாலு முந்நூறு 1200, டெக் ஓரத்துலேர்ந்து 1200 தள்ளி அளங்க. ஏற்கனவே வேற இடத்துல அளந்திருந்தா மறுபடி அளங்க, சோம்பல் படாதீங்க.

இன்னொண்ணு, இதுலதான் நெறைய பேர் மாட்டுறாங்க. ஸ்ட்ரிங்கர்ல எல்லா வெட்டும் 156னு போட்டுட்டு மேல 25 மில்லி பலகைய அடிச்சா, கீழ் படி 181 ஆயிரும், கடைசியா டெக்குக்கு ஏறுறது 131 ஆயிரும். நடுவுல உள்ளது மட்டும் சரியா இருக்கும், வேடிக்கையா இருக்கும் பார்க்க. அதுக்கு ஸ்ட்ரிங்கரோட அடியில பலகை தடிமன் எவ்வளவோ அவ்வளவு, இங்க 25, சீவி எடுத்துரணும். கடைக்காரர் வாயில சொல்ற தடிமன நம்பாதீங்க, மரக்கடைங்க இருக்குற சுங்கை காடுட்ல வாங்கின பலகையா இருந்தாலும் கையில டேப்ப வச்சுப் பாத்துட்டு அந்த அளவ எடுங்க.

மொதல்ல ஒரே ஒரு ஸ்ட்ரிங்கர் மட்டும் வெட்டி, டெக்குல சாய்ச்சு, பலகையச் சும்மா வச்சு ஏறிப் பாருங்க. சரின்னா அதையே வச்சு மத்ததுக்குக் கோடு போடுங்க, புதுசா அளக்காதீங்க. சரி, அடுத்தது கைப்பிடி பத்தி ஒரு அக்கா கேட்டிருக்காங்க...