அந்த அறை யாருடையது? கத்தோலிக்க முதியோர் இல்லமும் உதவியுடனான மரணமும்

[திரையில்: பூட்டுப் போட்ட சிறிய இரும்புப் பெட்டி]

வணக்கம் நண்பர்களே. இந்தப் பெட்டியில் இருந்து ஆரம்பிக்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், நோய் முற்றி இனிப் பிழைக்க வழியில்லை என்றான ஒருவர், தன் உயிரை முடித்துக்கொள்ள சட்டப்படியே மருந்து கேட்கலாம். தெருமுனை மருந்துக்கடையில் அது கிடைக்காது. மெல்பர்ன் ஆல்ஃபிரட் மருத்துவமனையின் மருந்தாளுநர்கள் நோயாளி இருக்கும் இடத்துக்கே வந்து விளக்கிச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்கியவர் அதைப் பூட்டிய இரும்புப் பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும். சரி, அந்தப் பெட்டி இருக்கும் அலமாரி, சுவரில் சிலுவை மாட்டிய கத்தோலிக்க முதியோர் இல்லத்து அறையில் இருந்தால்?

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியாவில் 2019 ஜூன் 19-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது, ஆறு மாநிலங்களில் கடைசியாக நியூ சவுத் வேல்ஸில் 2023 நவம்பர் 28-ல். நோயாளி வயது வந்தவராக இருக்க வேண்டும், தெளிவாக முடிவெடுக்கத் தெரிய வேண்டும், இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். முதியோர் இல்லங்களில் பாதிப் பேருக்கு மேல் டிமென்ஷியா உள்ளவர்கள். அந்தத் தெளிவு போய்விட்டவர்களுக்கு இந்த வழியே கிடையாது. நம் பக்கம் இதைக் கருணைக்கொலை என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, ஏனென்றால் இங்கே கேட்பவர் நோயாளி மட்டும்தான், அவருக்காக வேறு யாரும் கேட்க முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபை எப்பாடுபட்டாவது உயிரை இழுத்துப் பிடித்து வைக்கச் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேதனையை மட்டும் நீட்டிக்கும் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லலாம். வலி தீரக் கொடுக்கும் மருந்து ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலும், நோக்கம் வலியைத் தீர்ப்பதுதான் என்றால் கொடுக்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே சொல்லிவிட்டார். உயிரை முடிப்பதற்கென்றே செய்யும் செயலைத்தான் திருச்சபை ஏற்பதில்லை.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் நடத்தும் கால்வரி என்ற பெரிய கத்தோலிக்க நிறுவனம் இருக்கிறது. அதன் வேர், 1877-ல் இங்கிலாந்தில் மேரி பாட்டர் தொடங்கிய கன்னியர் சபை. சாகக் கிடப்பவர்களுக்காக ஜெபிப்பதும் அவர்களைப் பார்த்துக்கொள்வதும்தான் அந்தச் சபையின் வேலையே. 1885-ல் ஆறு சிஸ்டர்கள் கப்பலில் சிட்னிக்கு வந்து இறங்கினார்கள். மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்காரவென்றே பிறந்த ஒரு சபையின் வழிவந்தவர்களிடம், "இந்த மரணத்துக்கும் இடம் கொடுங்கள்" என்று சட்டம் வந்து கேட்கிறது.

[திரையில்: ஜன்னல் ஓரம் ஒரு தொட்டிச்செடி]

இப்போது அறைக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். மருத்துவமனைக்குப் போனால் நான்கு நாளில் திரும்பி வருவோம். முதியோர் இல்லம் அப்படியா? வீட்டை விற்றுவிட்டு, கல்யாணப் படத்தையும் ஒரு தொட்டிச்செடியையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்த அம்மாவுக்கு அதுதான் வீடு, வேறு விலாசமே கிடையாது. குயின்ஸ்லாந்து சட்டமும் நியூ சவுத் வேல்ஸ் சட்டமும் இதைப் புரிந்துகொண்டன. அங்கே நிரந்தரமாக வசிப்பவர் கேட்டால், இல்லம் தானாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் வெளியிலிருந்து வரும் மருத்துவரை உள்ளே விட வேண்டும். இந்தச் சேவை இங்கே கிடையாது என்றால் அதையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விக்டோரியாவின் 2017 சட்டமோ நிறுவனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே இல்லை, அவரவர் கொள்கைக்கு விட்டுவிட்டது.

இல்லத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பக்கத்து அறைப் பெரியவர் இது கத்தோலிக்க இல்லம் என்பதற்காகவே இங்கே வந்திருப்பார், அவருக்கும் இதுதான் வீடு. ஆனாலும் நான் அந்த அம்மா பக்கம்தான். இடுப்பெலும்பில் புற்று பரவி, புரண்டு படுக்கவே இரண்டு பேர் வேண்டியிருக்கும் ஒருவரை, கடைசி நாளில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வத்திக்கான் 2020-ல் ஒரு கடிதம் வெளியிட்டது. குணமாக்க முடியாதவர் என்பதால் கவனிக்க முடியாதவர் ஆகிவிட மாட்டார் என்கிறது அது. அதே கடிதம், ஆன்மிகத் துணையாக இருப்பவர்கள் உயிரை முடிக்கும் அந்தச் செயல் நடந்து முடியும்வரை கூடவே இருந்து, சம்மதித்தது போன்ற தோற்றம் தரக் கூடாது என்றும் சொல்கிறது. முதல் வரியைப் படித்தபோது கண் கலங்கியது. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று வருஷமாகக் குளிப்பாட்டி, தலை வாரி, பெயர் சொல்லிக் கூப்பிட்ட நர்ஸ் அந்த மருந்தைத் தொட வேண்டாம், அது அவர் மனசாட்சி. கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் இல்லையா?

ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்திருந்தால், இல்லத்தின் பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம், அந்த நேரத்தில் நீங்கள் அறைக்குள் இருந்தீர்களா, வெளியே நின்றீர்களா என்று மட்டும் கமென்ட்டில் எழுதுங்கள்.