பாக்ஸைக் கோயில் பக்கம் திருப்புங்கள்

(ஆடித் திருவிழாக்கள் தொடங்கும் முன், எங்கள் வட்டார மைக் செட் உரிமையாளர்கள் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாட்டை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. வேப்பிலைத் தோரணமும் பாட்டும் இல்லாமல் எனக்கும் ஆடி வந்ததாகத் தோன்றாது.

என் அம்மா படுக்கையில் கிடந்த கடைசி வருடம், எதிர்வீட்டு வாசலில் நாலு ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நெஞ்சு படபடங்குது, கொஞ்சம் குறைக்கச் சொல்லுப்பா" என்றார் அம்மா. போய்ச் சொன்னேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்த தம்பிக்கு நான் பேசியது காதிலேயே விழவில்லை. இன்றைக்கு அம்மாவை விட அந்தத் தம்பியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன்.

சத்தத்தை டெசிபெல் என்ற அலகில் அளப்போம். 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழிலிடங்களுக்குச் சொல்லப்படும் ஒரு கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. 100-க்கு வந்தால் வெறும் 15 நிமிடம். நம் பையன்கள் பாக்ஸ் பக்கத்தில் ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். உள்காதில் சத்தத்தை உணரும் மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. வேலை முடிந்து படுக்கும்போது காதில் 'ங்ஙொய்' என்று இரைகிறதா? அது காது கெடுவதற்கான எச்சரிக்கை.

சரி, உங்கள் தொழிலுக்கு வருகிறேன். 100 வாட் செட்டை 1,000 வாட் ஆக்கினால் சத்தம் பத்து மடங்காகக் கேட்கும் என்று நினைக்கிறோம். கூடுவது 10 டெசிபெல்தான். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும், அவ்வளவுதான். அதற்குப் பத்து மடங்கு வாட், பெரிய ஜெனரேட்டர், கூடுதல் டீசல்! ஆனால் திறந்த வெளியில் பாக்ஸுக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். 6 டெசிபெல் சும்மாவே கிடைக்கும். அது 4 மடங்கு வாட் ஏற்றிய பலன்.

அதனால் தெருமுனையில் ஒரே மலையாக அடுக்காதீர்கள். சின்னச் சின்ன பாக்ஸாகக் கூட்டம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், முகம் கோயிலைப் பார்த்து இருக்கும்படி கட்டுங்கள். கூட்டத்துக்குத் தெளிவாகக் கேட்கும், வீடுகளுக்குச் சத்தம் குறையும். முக்கியமாக, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று வால்யூமை முடிவு செய்யாதீர்கள். கடைசி வீட்டுத் திண்ணை வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்து திருகுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல். ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் அதைவிட 10 கூடலாம். எங்கேயானாலும் 75-ஐத் தாண்டக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. "சாமி காரியம்தானே" என்று விழாக் கமிட்டி சொன்னால், சென்னை மெஜஸ்டிக் காலனி வழக்கைச் சொல்லுங்கள். ஒரு சர்ச்சின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கு அது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எல்லா மதத்துக்கும் அதே பேச்சுதான்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி இருக்கும் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூடு கட்ட வந்த நாரைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அவர்களாகவே பல வருடமாக விட்டுக்கொடுத்த பழக்கம். வெடி ஆசை இல்லாத குழந்தைகளா அங்கே இருக்கிறார்கள்? தீபாவளியும் அங்கே நடக்கத்தான் செய்கிறது.

முதல் வெள்ளிக்கு அம்மன் கோயிலில் செட் கட்டும்போது, டெசிபெல் மீட்டரோடு நானும் வருகிறேன். கம்பம் நடும் முன் ஒரு போன் போடுங்கள். அப்புறம், ஆம்ப்ளிஃபயரில் உட்காரும் தம்பிகளுக்குக் காது அடைப்பான் வாங்கி வந்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.