யமகாத்தா: ஊரே உட்கார்ந்து பேசும் ஆவணப்பட விழா

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆவணப்படம் என்றவுடன் என் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, திரையரங்கில் முதன்மைப் படத்துக்கு முன்னால் கட்டாயமாகக் காட்டப்பட்ட செய்திப் படங்கள்தாம். வெள்ளச் சேதத்தைப் பார்வையிடும் அமைச்சர், திறந்துவைக்கப்படும் அணை, கணீரென்ற குரலில் ஒரு வர்ணனை என்று அவை ஓடிக்கொண்டிருக்கும்போது, நாங்கள் வெளியே நின்று முறுக்கு வாங்கிக்கொண்டிருப்போம். அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, ஆவணப்படம் என்பது பெரிய படம் தொடங்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் ஆவணப்படங்களுக்காக மட்டுமே விழா எடுத்து, அதனாலேயே உலகத் திரைப்படக்காரர்களிடையே பெயர் பெற்ற ஒரு சிறு நகரம் ஜப்பானில் இருக்கிறது. அதன் பெயர் யமகாத்தா.

ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவின் வடபகுதியில், மலைகள் சூழ்ந்த ஒரு சமவெளியில் அந்நகரம் அமைந்துள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ 2,50,000; நம் திருநெல்வேலியில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். செர்ரிப் பழத்துக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற பகுதி அது. டோக்கியோவிலிருந்து அதிவேக ரயில் நேரடியாக அங்கு வரத் தொடங்கியது 1992-இல்தான். விழாவோ அதற்கு முன்பே, 1989-இல் தொடங்கிவிட்டது. போக்குவரத்து வசதி வந்த பிறகு உருவான விழா அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

விழா ஆண்டுதோறும் நடப்பதும் அல்ல. ஒன்றுவிட்ட ஆண்டுகளில், அக்டோபர் மாதத்தில், ஒரு வாரம் நடைபெறும். ஆண்டுதோறும் நடத்தினால்தான் விழா மக்கள் மனத்தில் நிற்கும் என்று வாதிடுபவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். யமகாத்தாக்காரர்கள் இடைப்பட்ட ஆண்டில் சும்மா இருப்பதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், நேரம் இருந்தால்.

1889-இல் நகராட்சியாக அமைந்த யமகாத்தா, 1989-இல் தன் நூற்றாண்டைக் கொண்டாட விரும்பியது. நூற்றாண்டு என்றால் ஒரு நினைவுத்தூண், ஒரு மண்டபம், ஒரு மலர் வெளியீடு என்று முடித்துக்கொள்வதே எந்த ஊராட்சிக்கும் எளிது. அவற்றுக்குப் பதிலாக ஆவணப்பட விழா ஒன்றைத் தொடங்கலாம் என்று ஊக்கம் கொடுத்து, அதற்காக உழைத்தவர்களுள் முதன்மையானவர் இயக்குநர் ஓகாவா ஷின்சுகே. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். விழாவைப் பற்றிப் பேசச் சொன்னால் மனிதரைப் பற்றிப் பேசுகிறேனே என்று நிலையத்தார் நினைக்கக்கூடும். ஆனால் இந்த மனிதர் வேலை செய்த முறை தெரியாமல் அந்த விழாவின் போக்கு விளங்காது.

1960-களில், டோக்கியோவுக்கு அருகிலுள்ள நரித்தாவில் புதிய விமான நிலையம் கட்ட முடிவெடுத்த ஜப்பானிய அரசு, அதற்காக உழவர்களின் நிலங்களைக் கையகப்படுத்த முற்பட்டது. சான்ரிசுக்கா என்னும் அந்தப் பகுதியின் உழவர்கள் நிலத்தைத் தர மறுத்துப் போராடினார்கள். ஓகாவாவும் அவருடைய குழுவினரும் அங்கேயே குடியேறி, 1968 தொடங்கி ஆண்டுக்கணக்கில் தங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்களை எடுத்தார்கள். காலையில் வந்து மாலையில் திரும்பிப் போகிற படப்பிடிப்பு அல்ல அது. தடியடி விழும்போது கேமரா உழவர்களின் பக்கத்தில் இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிமுரா மிச்சியோ என்னும் உழவர், அவர் கவிஞரும்கூட, தம் ஊருக்கு வருமாறு இவர்களை அழைத்தார். அவருடைய ஊர் யமகாத்தாவுக்கு அருகே, காமினோயாமாவைச் சேர்ந்த மாகினோ. 1970-களின் நடுவில் ஓகாவா குழுவினர் அந்த ஊருக்குக் குடிபெயர்ந்து, தங்களுக்குக் கிடைத்த வயலில் தாங்களே நெல் பயிரிடத் தொடங்கினார்கள். உழவர்களைப் பற்றிப் படம் எடுப்பதற்கு முன்னால் உழவு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நாற்று விட்டார்கள், நட்டார்கள், களை எடுத்தார்கள், நீர் பாய்ச்சினார்கள், விளைச்சல் ஏன் குறைந்தது என்று கணக்கு எழுதினார்கள். கேமராவையும் கையில் வைத்திருந்தார்கள். இப்படிப் பத்தாண்டுகளுக்கு மேல். ஒரு நெற்பயிரைப் படமாக்கப் பத்தாண்டா என்று கேட்பவர்கள், வயலில் இறங்கிய எவரையாவது கேட்டுப் பார்க்கட்டும், போதாது என்பார்கள்.

பக்கத்து மலையிலிருந்த ஃபுருயாஷிகி என்னும் சிற்றூரில், ஒரு கோடையில் குளிர் தாக்கி நெல் சரியாக மணி பிடிக்கவில்லை. ஒரு வயல் பிழைத்திருக்க அடுத்த வயல் மட்டும் ஏன் பதராகிப் போயிற்று என்று ஓகாவா குழுவினர் ஆராயப் புகுந்தார்கள். மலைச்சரிவின் அமைப்பை அப்படியே சிறிய மாதிரியாகச் செய்து, அதன்மேல் உலர்பனிக்கட்டியின் புகையை ஓடவிட்டு, குளிர்காற்று எந்தப் பள்ளத்தாக்கின் வழியாக இறங்கி எந்த வயலில் தேங்குகிறது என்று படத்திலேயே காட்டினார்கள். அந்தச் சரிவுகளை வானொலியில் வரைந்து காட்ட என்னால் முடியாது. ஆனால் தாழ்வான கொல்லையில் அதிகாலைப் பனி தங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 1982-இல் வெளிவந்த அந்தப் படம், 1984-ஆம் ஆண்டு பெர்லின் விழாவில் பன்னாட்டுத் திரை விமர்சகர்கள் கூட்டமைப்பின் பரிசைப் பெற்றது.

1986-இல் முடிந்த மாகினோ படம் இன்னும் நீளமானது, ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதில் நெற்பூ திறக்கும் காட்சி ஒன்று உண்டு. தொண்டைக்கதிர் வெளிவந்ததும், முற்பகல் வெயிலில் உமி இரண்டாகப் பிளந்து, மகரந்தப்பை வெளியே நீண்டு, வேலை முடிந்ததும் உமி மீண்டும் மூடிக்கொள்கிறது. நெல் விளையும் ஊரில் பிறந்து வளர்ந்த நான் அதைத் திரையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதே படத்தில், பல தலைமுறைகளுக்கு முன் அந்த ஊரில் நடந்த உழவர் கிளர்ச்சியை ஊர்மக்களே தங்கள் மூதாதையராக வேடமிட்டு நடித்துக் காட்டுகிறார்கள். 1987-இல் இந்தப் படத்தைக் காட்டுவதற்கென்றே கியோத்தோ நகரில் மரக்கட்டை, மண், வைக்கோல் ஆகியவற்றைக் கொண்டு ஒரு திரையரங்கைக் கட்டினார்கள் என்றால், அந்தக் குழுவினரின் பிடிவாதத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு மனிதர் பக்கத்து ஊரிலேயே இருந்ததால்தான் யமகாத்தாவின் நூற்றாண்டு விழா ஆவணப்பட விழாவாக மாறியது. 1989 அக்டோபரில் நடந்த முதல் விழாவின் போட்டிப் பிரிவில் பல நாட்டுப் படங்கள் இடம்பெற்றன. ஆசியப் படம் ஒன்றுகூட இல்லை. ஆசிய மண்ணில், ஆசிய நகரம் ஒன்று, தன் வரிப்பணத்தில் நடத்தும் விழாவில் இந்த நிலை. ஓகாவா அப்போது ஆசிய இயக்குநர்களை அழைத்து ஒரு கலந்துரையாடலுக்கு ஏற்பாடு செய்திருந்தார். பிலிப்பைன்ஸ் இயக்குநர் கிட்லாட் தஹிமிக்கும் மற்றவர்களும் அங்கே கூடி, இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி ஓர் அறிக்கை எழுதிப் படித்தார்கள். விருந்தாளியாக வந்த இடத்தில் குறை சொல்கிறார்களே என்று எவரும் முகம் சுளித்திருக்கலாம். அறிக்கையை வாங்கி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் அப்படி நடக்கவில்லை; அடுத்தடுத்த விழாக்களில் ஆசியப் படங்களுக்கென ஒரு பிரிவு வளர்ந்தது. 1992 பிப்ரவரியில் ஓகாவா காலமானார். 1993 முதல் அந்தப் பிரிவின் பரிசு அவருடைய பெயரால் வழங்கப்படுகிறது.

முதல் ஓகாவா பரிசைப் பெற்றவர் சீனாவின் வூ வென்குவாங். மாவோவின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் செங்காவலர்கள் எனப்பட்ட இளைஞர் படையினரைப் பற்றியது அவருடைய படம். 1995-இல் அந்தப் பரிசு கொரிய இயக்குநர் பியூன் யோங்-ஜூவுக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவத்தினரால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட கொரியப் பெண்கள் முதுமையில் பேசும் படம் அவருடையது. ஜப்பானிய நகரம் ஒன்றில், ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு முன்னால் அதைக் காட்டிப் பரிசும் கொடுத்தார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு நம் நாட்டின் ஆனந்த் பட்வர்தன், மதவெறியையும் ஆண்மை பற்றிய வீம்பையும் இணைத்து ஆராய்ந்த தம் படத்துக்காக அங்கே சிறப்புப் பரிசு பெற்றார். 2003-இல், மூடப்பட்டுக்கொண்டிருந்த சீனத் தொழிற்சாலைகளையும் அவற்றின் தொழிலாளர்களையும் பற்றி வாங் பிங் எடுத்த, ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் முதற்பரிசை வென்றது. ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து பார்க்க ஆள் இருந்தார்கள் என்பதும் பரிசுக்குக் குறைந்த செய்தி அல்ல.

இனி நான் எங்கே போனாலும் விடாமல் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். படம் முடிந்த பிறகு உட்கார இடம் வேண்டும். இதை எத்தனையோ திரைப்படச் சங்கக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன். நம் ஊர்களில் திரையிடல் முடிந்ததும் என்ன நடக்கிறது? மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கத் தொடங்குகிறார், பார்வையாளர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள், இயக்குநரைப் பொன்னாடை போர்த்தி ரயிலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முகூர்த்தம் முடிந்ததும் பந்தி போடாமல் வாசற்கதவைச் சாத்திய கல்யாண வீட்டைப் போல இருக்கிறது இது.

யமகாத்தாவில் ஊறுகாய் செய்து விற்கும் பழைய குடும்ப நிறுவனம் ஒன்று இருந்தது. அதன் பழங்காலக் கிடங்குக் கட்டடத்தில் கோமியான் என்னும் உணவகம் நடந்துவந்தது. 1993 விழா முதல், விழா நாட்களில் இரவு 10 மணிக்கு மேல் அந்தக் கட்டடம் விழாவுக்கு வந்த எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. நுழைவுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் குடிக்க ஒரு கோப்பையும் கொறிக்கச் சிறிதும் கிடைக்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோரைப்பாய் விரித்த தரையில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். நடுவர், இயக்குநர், மாணவர், உள்ளூர்க் கடைக்காரர் யாராக இருந்தாலும் அதே பாய்தான். இடம் போதாமல் வாசலுக்கு வெளியே தெருவிலும் நின்று பேசுவார்கள்.

நான் சென்றிருந்தபோது, உள்ளூர் மூதாட்டி ஒருவர் ஊறவைத்த கத்தரிக்காய்த் துண்டுகள் நிறைந்த தட்டை நகர்த்திவிட்டு, எதிரே இருந்த இளம் இயக்குநரிடம், அன்று மாலை காட்டிய படத்தில் வரும் கிழவரின் இடக்கை விரல்கள் ஏன் மடங்குவதில்லை என்று கேட்டார். தன்னார்வலரான ஒரு மாணவி மொழிபெயர்த்தாள். விரல்கள் இயந்திரத்தில் சிக்கிய கதையைத் தாம் படம் பிடித்ததாகவும், நீளம் கருதி நீக்கிவிட்டதாகவும் இயக்குநர் சொன்னார். நீக்கியது சரிதானா என்பதில் தொடங்கிய வாதத்தில் பக்கத்துப் பாய்க்காரர்களும் சேர்ந்துகொள்ள, பின்னிரவில் கடையை மூடும் வரை அது ஓயவில்லை. அந்தக் கேள்வியை எந்தப் பத்திரிகை விமர்சகரும் கேட்டிருக்க மாட்டார். மேடையில் ஒலிவாங்கியைக் கொடுத்து "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்த மூதாட்டியும் கேட்டிருக்க மாட்டார்.

பெருநகரத்தில் இது நடக்காது. அங்கே படம் முடிந்ததும் ஆயிரம் பேர் ஆயிரம் பக்கம் போய்விடுவார்கள். யமகாத்தாவில் அரங்குகள் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன; இரவில் போவதற்கு வேறு இடம் அதிகம் இல்லை. சிறு நகரம் என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஊறுகாய் நிறுவனம் பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், மூடப்பட்டுவிட்டது. நூறாண்டுகளுக்கும் மேலான கடை. 2021 விழா இணையவழியாகவே நடந்தது. ஹாங்காங் மாணவர் போராட்டத்தைப் பற்றிய, இயக்கியவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாத படம் ஒன்று முதற்பரிசு பெற்றது. அந்த ஆண்டு பாயும் இல்லை, தட்டும் இல்லை. படங்கள் இருந்தன, விழா இருந்ததா என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் நெருங்கிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். எனவே மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் நகராட்சியே நடத்திய விழாவை 2007 முதல் லாப நோக்கற்ற தனி அமைப்பு நடத்திவருகிறது. நகராட்சியின் ஆதரவு தொடர்கிறது. இதைப் பற்றியே தனியாக ஓர் உரை நிகழ்த்தலாம். 2011 மார்ச்சில் அதே வடபகுதிக் கடற்கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அழித்த பிறகு, அக்டோபர் விழாவில் அந்தப் பேரிடரைப் பற்றிய படங்களுக்கென ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. 2017-இல் யுனெஸ்கோ அந்நகரத்தைத் திரைப்படத்துக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

இடைப்பட்ட ஆண்டைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? விழாவுக்கு வந்த படங்களைச் சேமித்து வைக்க யமகாத்தாவில் ஒரு படநூலகம் இருக்கிறது. விழா இல்லாத காலத்திலும் வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சேமிப்பிலிருந்து படங்களை எடுத்து ஊர்மக்களுக்குத் திரையிடுகிறார்கள். ஒற்றைப்படை ஆண்டுகளின் அக்டோபரில் ஜப்பான் செல்ல வாய்ப்புள்ள நேயர்கள் விழா நாட்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளலாம். மலை ஊராதலால் அக்டோபரிலேயே குளிரும். கம்பளிச் சட்டை கொண்டு போங்கள். எளிதில் கழற்றக்கூடிய செருப்பும்.

வணக்கம்.