விடுபட்ட நான்கு கண்ணி: ஒரு கடல் நாடகத்தை நம் கரையில் படிப்பது எப்படி?

(திரையில்: பாம்பன் வடகடல் ஓரம், விடியல். கரையில் வள்ளங்கள். காற்றின் ஓசை மட்டும்.)

வணக்கம்.

ஒரு வீட்டின் அடுப்படி. சுவரில் வலை தொங்குகிறது. ஒரு மூலையில் புதுப் பலகைகள் சாத்தியிருக்கின்றன, பக்கத்தில் ஒரு புதுக் கயிறு. மூத்த பெண் மாவைப் பிசைந்து ரொட்டியை நெருப்பில் வைத்துவிட்டு ராட்டையில் உட்காருகிறாள். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். ஒன்பது நாளாக ஒரு மகனைக் காணவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது.

தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ நடப்பது போல இருக்கிறது, இல்லையா? நடப்பது அயர்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஆரன் தீவுகளில். ஜான் மில்லிங்டன் சிங் எழுதிய 'ரைடர்ஸ் டு த சீ' என்ற ஓரங்க நாடகம் இது. சிங் 1898-ல் முதன்முதலாக அந்தத் தீவுகளுக்குப் போனார். அடுத்தடுத்த வருடங்களிலும் போய், அந்த மக்களோடு தங்கி, அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். 1904 பிப்ரவரி 25 அன்று டப்ளினில் நாடகம் முதன்முறை மேடையேறியது. 37 வயதிலேயே சிங் இறந்துவிட்டார்.

நான் ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இந்த நாடகத்தை எங்கள் பிள்ளைகளோடு எப்படிப் படித்தோம், என்னென்ன செய்து பார்த்தோம் என்பதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப்போகிறேன். ஆசிரியர்களும் பார்க்கலாம், மாணவர்களும் பார்க்கலாம்.

(திரையில்: சார்ட் அட்டைகள் ஒட்டிய வகுப்பறைச் சுவர்.)

புராஜெக்ட் என்றதும் சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, நாடக ஆசிரியர் படம், கதாபாத்திரங்களுக்கு நடுவே அம்புக்குறி. முதல் வருடம் நானும் அதைத்தான் கேட்டேன். எல்லா அட்டையிலும் நீல நிறத்தில் அலை இருந்தது. ரொட்டி எந்த அட்டையிலும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த நாடகத்தில் துக்கம் வசனத்தில் இருப்பதைவிட அதிகமாக வீட்டுச் சாமான்களில் இருக்கிறது. வேலை நடந்துகொண்டே இருக்கும் ஒரு வீட்டுக்குள் சாவு நுழைகிறது. ஆகவே சாமான்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவோம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வருடம் வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்தேன். ரொட்டி, கயிறு, பலகை, துணி மூட்டை, கைத்தடி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொருள். அது முதலில் எங்கே இருக்கிறது, யார் கைக்குப் போகிறது, கடைசியில் என்ன ஆகிறது? அந்தப் பொருளின் தடத்தை மட்டும் நாடகம் முழுக்கப் பின்தொடர வேண்டும்.

ரொட்டிக் குழுவைச் சொல்கிறேன். பார்ட்லி மிச்சமிருக்கும் கடைசி மகன். காணாமல்போன மைக்கேல் அவனுடைய சகோதரன். சந்தையில் குதிரை விற்க, பார்ட்லி கடல் கடந்து கால்வே போக வேண்டும். அம்மா மோர்யா தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை. வாசலில் நின்று அம்மாவிடம் ஆசி சொல்லிவிட்டுப் போகிறான், அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் போன பிறகுதான், ரொட்டி கொடுத்துவிட மறந்துவிட்டோமே என்று மூத்த பெண் கேத்லீனுக்கு உறைக்கிறது. ஊற்றடியில் அவனைப் பிடித்து ரொட்டியைக் கொடுத்து, ஆசியும் சொல்லிவிட்டு வா என்று அம்மாவை அனுப்புகிறார்கள். அம்மா திரும்பி வருகிறாள். ரொட்டி கையிலேயே இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் இதோடு ரொட்டியின் கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படியுங்கள் என்றேன். அங்கே, கடலில் விழுந்து இறந்துபோன பார்ட்லிக்குச் சவப்பெட்டி செய்யப்போகும் ஆட்களிடம் கேத்லீன் சொல்கிறாள்: புது ரொட்டி இருக்கிறது, வேலை செய்யும்போது சாப்பிடலாம். பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கச் சுட்ட ரொட்டி அது. அந்த வரியை ஒரு மாணவி வாய்விட்டுப் படித்ததும் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கயிறும் அப்படித்தான். மைக்கேலின் உடல் கரை ஒதுங்கினால் பெட்டியைக் குழிக்குள் இறக்க அது வேண்டும் என்று அம்மா வைத்திருக்கிறாள். பார்ட்லி அதை எடுத்துக் குதிரைக்குத் தலைக்கயிறு செய்துவிடுகிறான். கைத்தடி மைக்கேலுடையது. வழுக்காமல் நடக்க அம்மா அதை ஊன்றிக்கொண்டு போகிறாள். ஊர் உலகத்தில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சாமான்களை விட்டுப்போகிறார்கள், இங்கே பிள்ளைகள் பெரியவர்களுக்கு விட்டுப்போகிறார்கள் என்ற பொருளில் அப்போது அவள் ஒன்று சொல்வாள். அந்தத் தடிக்கு ஒரு சுயசரிதை எழுதுங்கள் என்று கொடுத்துப் பாருங்கள். வழக்கமான கட்டுரையில் வராத எழுத்து வரும்.

(திரையில்: பனையோலைப் பெட்டி முடையும் கைகள், மிக அருகில்.)

அடுத்தது துணி மூட்டை. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. தூரத்தில் டோனகல் பக்கம் கரை ஒதுங்கிய ஓர் உடலிலிருந்து எடுத்த சட்டையும் ஒரு காலுறையும் மூட்டையில் இருக்கின்றன. மைக்கேலுடையதுதானா? சட்டைத் துணியை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தங்கை நோரா காலுறையின் பின்னல் கண்ணிகளை எண்ணுகிறாள். அறுபது கண்ணி போட்டுப் பின்னத் தொடங்கியதும், அதில் நான்கை விட்டதும் அவளுக்கு நினைவிருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அண்ணன் இறந்த செய்தி அவள் பின்னிய பின்னலிலிருந்தே அவளுக்கு வந்து சேர்கிறது.

நம் பக்கத்தில் காலுறை பின்னுவோர் யார் இருக்கிறார்கள்? ஆனால் கண்ணி என்ற சொல் வலைக்கு உண்டு. ஓலை முடையும் கைகளும் உண்டு. வீட்டில் ஒருவர் கையால் செய்த ஒரு பொருளை எடுத்து வாருங்கள், அது அவர் செய்ததுதான் என்று எப்படித் தெரியும் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள் என்றேன். ஒரு மாணவி தன் அப்பத்தா முடைந்த ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். அவள் எழுதி வந்தது இது:

"அப்பத்தா, இதே மாதிரி நூறு பெட்டி இருந்தா உங்க பெட்டி எதுன்னு சொல்லிருவீங்களா?"

"கண்ணை மூடிட்டுச் சொல்வேன்த்தா. விளிம்பு மடக்கும்போது ஓர் ஓலையை உள்ளாற சொருகி விடுவேன். எங்கம்மா அப்படித்தான் சொருகும்."

அவ்வளவுதான் அந்தப் பதிவு. அடுத்த வகுப்பில் நோரா கண்ணி எண்ணும் இடத்தை அந்தப் பெண்தான் படித்தாள். அறுபதையும் நான்கையும் அவள் சொன்ன விதத்தை நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

(திரையில்: தென்கடல். கச்சான் காற்றில் அலை. பிறகு பாம்பன் துறைமுகத்தின் புயல் எச்சரிக்கைக் கூண்டு.)

சரி, காற்றுக்கு வருவோம். காற்று தெற்கும் மேற்குமாக எழும்புகிறது, இன்றைக்கு அவன் போகமாட்டான் என்று மோர்யா சொல்கிறாள். வெளியூர் மாணவருக்கு அது வெறும் திசை. நம் பிள்ளைகளுக்கு அது கச்சான். கச்சான் அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வாடை அடித்தால் வடகடல். இது தெரிந்த பிள்ளைகளிடம் அடிக்குறிப்பைப் படிக்கச் சொல்வது வீண். அந்த நாளின் கடல் நிலவரத்தை இரண்டு நிமிட வானிலை அறிக்கையாகச் செல்போனில் பதிவு செய்யச் சொன்னேன். நாடகத்தில் இருக்கும் தகவலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பாறைப் பக்கம் கடல் எப்படி, நீரோட்டம் திரும்பினால் என்ன ஆகும், கூண்டு ஏற்றுவதாக இருந்தால் எத்தனையாம் எண்? எல்லாவற்றையும் தேடித் தேடி எடுத்தார்கள்.

அதிலிருந்து ஒரு விவாதம் கிளம்பியது. பார்ட்லி நம் ஊரில் இருந்தால் அன்றைக்கு அவனுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுப்பீர்களா? ஒரு பக்கம் அதிகாரிகள், ஒரு பக்கம் பார்ட்லி. பார்ட்லி பக்கம் பேசியவன் ஒரு படகுக்காரர் மகன். "இந்தப் படகை விட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் வேறு படகு இல்லை. சந்தை போனால் போச்சு. குதிரையை நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேட்டான். துன்பியல் நாடகத்தின் நாயகன் ஒரு பிழை செய்வான், அதனால் வீழ்வான் என்று அரிஸ்டாட்டிலை வைத்துப் பாடம் நடத்துகிறோம். பார்ட்லியின் பிழை எது? குடும்பத்துக்காகக் குதிரை விற்கப் போனதா? அம்மா ஆசி சொல்லாததா? அன்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மணி அடித்த பிறகும் வராந்தாவில் பேசிக்கொண்டே போனார்கள்.

பார்ட்லி போகும்போது, மேற்குக் காற்று இப்படியே நீடித்தால் எரிப்பதற்குக் கடற்பாசி சேர்த்துவையுங்கள் என்று அக்கா தங்கையிடம் சொல்லிவிட்டுப் போகிறான். ஆரன் தீவுகளில் பாசியை எரித்த சாம்பல் விற்பனைக்குப் போனது, அதிலிருந்து அயோடின் எடுத்தார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் எடுக்கும் பாசி, ஜெல்லி போல உறையவைக்கும் அகர் தயாரிப்புக்குப் போகிறது. பாசி எடுக்கும் ஓர் அக்காவிடம் பேசி, அந்த ஒரு வரிக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதலாம். நாட்குறிப்பு, செய்தித்தாள் பக்கம், செருப்பு அட்டைப்பெட்டியில் சின்ன மேடை இவையும் செய்யலாம், தப்பில்லை.

குறும்படம் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தேன்: கேமரா வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. இந்த நாடகத்தில் கடல் ஒரு தடவைகூட மேடைக்கு வருவதில்லை. சாம்பல் நிறக் குதிரை பார்ட்லியைத் தட்டிக் கடலில் தள்ளியதை நாம் பார்ப்பதில்லை. ஊற்றடியில் நடந்ததையும் பார்ப்பதில்லை. சிவப்புக் குதிரையில் பார்ட்லி வர, பின்னால் சாம்பல் நிறக் குதிரையில் இறந்துபோன மைக்கேல் வருவதைக் கண்டதாக மோர்யா வந்து சொல்கிறாள், அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகள் தனுஷ்கோடிக்குப் போய் அலையைப் படம்பிடிக்கக் கிளம்பினார்கள். வேண்டாம், கதவைப் படம்பிடியுங்கள் என்றேன். முன்பு ஒரு மகனை எப்படித் தூக்கிவந்தார்கள், பெண்கள் எப்படி ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள் என்று மோர்யா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கதவு திறந்து பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். பழைய கதை கண்முன் நடக்கத் தொடங்கிவிடும். அதற்கு ஒரு கதவும், நீர் சொட்டும் ஒரு பாய்த்துணியும் போதும்.

(திரையில்: தனுஷ்கோடி, இடிந்த தேவாலயம். பேச்சு மெதுவாக.)

இப்போது ஆசிரியர்களிடம் மட்டும் ஒரு விஷயம் பேச வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போனது. அந்த இரவைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். எல்லையில் பிடிபட்டு, எப்போது வருவார்கள் என்று தெரியாமல் வீடு காத்திருப்பதும் உண்டு. ஒரு வருடம் நான் ஒரு மாணவியிடம் மோர்யாவின் பேச்சைப் படிக்கச் சொன்னேன். இரண்டு வரி படித்தாள், நின்றுவிட்டாள், உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டுக் கதை எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

அன்றிலிருந்து, உன் வீட்டு இழப்பை எழுது என்று நான் யாரையும் கேட்பதில்லை. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று நான் தீர்மானிப்பதும் இல்லை, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். நாடகத்தின் புலம்பலை நம் ஒப்பாரியோடு ஒப்பிடலாம், ஆனால் துக்கம் நடந்த வீட்டில் போய்ச் செல்போனை நீட்டக்கூடாது. சாமான்களோடு வேலை செய்யும் முறை எனக்குப் பிடித்ததற்கு இதுவும் காரணம். ரொட்டியைப் பற்றி எழுதும் பிள்ளை, தான் சொல்ல விரும்பும் அளவுக்கு மட்டும் சொல்லலாம். மீதியை ரொட்டிக்குள் வைத்துவிடலாம்.

மதிப்பெண் போடும்போது நான் பார்ப்பது ஒன்றுதான். நீ செய்த பொருளுக்கு நாடகத்தில் வரி எங்கே? காட்டு. வரியைக் காட்டிவிட்டால் ஓவியம் சுமாராக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

(திரையில்: ஒரு மேசை. வெள்ளைப் பலகைகள், கயிறு, ரொட்டி, ஓலைப்பெட்டி.)

வருடக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து வீட்டுக்காரர்களை அழைத்தோம். பலகைக் குழு நிஜப் பலகைகளையே கொண்டுவந்து சாத்தி வைத்திருந்தது. ஒரு மாணவனின் அப்பா வள்ளம் கட்டும் தச்சர். நாடகத்தைப் படித்தவர் இல்லை, கதையும் அவருக்குத் தெரியாது. இது பெட்டிக்கு வாங்கி வைத்த பலகை என்று மட்டும் பிள்ளைகள் சொன்னார்கள். பலகையைத் தடவிப் பார்த்தார், கனத்தைப் பார்த்தார், மேசை முழுக்கக் கண்ணை ஓட்டினார்.

"பலகை நல்லாத்தான் இருக்கு. கயிறும் இருக்கு. ஆணி எங்கத்தா?"

நாடகத்தின் கடைசியில் பெட்டி செய்ய வந்தவர்கள் கேட்பதும் அதே கேள்வி. எத்தனையோ பெட்டி செய்வதைப் பார்த்த மோர்யா, இந்தத் தடவை ஆணி வாங்க மறந்துவிட்டாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேத்லீனாகப் படித்த பெண்தான் பதில் சொன்னாள்.

"அம்மா மறந்துட்டாங்க ஐயா. வயசாகிப்போச்சு அவுங்களுக்கு."

அவர் தலையாட்டிவிட்டு, பலகையைச் சுவரோரம் பழையபடி சாத்தி வைத்தார்.

(திரை இருள்கிறது. கடல் ஓசை மட்டும்.)